வாசகர் கேள்வி பதில்: உலகத்தின் நடுவே உண்மையாய் இருப்பது

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. வேலை, போன், நண்பர்கள், காதல், பிள்ளைகள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இத்தனைக்கும் நடுவில் ஆண்டவருக்கு உண்மையாய் இருப்பது எப்படி என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள், ஆகவே யார் பெயரும் இல்லை.

கேள்வி: ஐயா, பிரசங்கத்தில் "உலகம், உலகம்" என்கிறார்கள். எதுதான் உலகம்? சினிமா பார்த்தால் உலகமா, நல்ல உடை உடுத்தினால் உலகமா? ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார்.

எல்லாரும் உலகத்தைப் பொருள்களில் தேடுகிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். யோவான் அதை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை (1 யோவான் 2:16). மூன்றும் மனுஷனுக்கு உள்ளே நடக்கிறவை. எளிமையாக உடுத்துகிற ஒருவர், "என்னைப்போல் எளிமையாக இங்கே யார் இருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டு ஆராதனையில் உட்கார்ந்திருந்தால், ஜீவனத்தின் பெருமை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்று பட்டியல் போடுவதைப் பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது கடுமையாகவே கண்டிக்கிறார். அந்தக் கட்டளைகள் ஞானம்போலத் தோன்றும், ஆனால் மாம்சத்தை அடக்க உதவாது என்கிறார்.

சரி, அப்படியானால் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், இருதயம் சுத்தமாக இருந்தால் போதும் என்று ஒரு கூட்டம் சொல்கிறதே, அதுவும் சரியில்லை. இருதயம் சுத்தமாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, எதைப் பார்த்த பிறகு எதை விரும்ப ஆரம்பிக்கிறோம் என்று கவனிப்பதுதான். ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் பழிவாங்குவது இனிப்பாகத் தோன்றுகிறதா? அடுத்தவர் மனைவியைப் பார்க்கிற பார்வை மாறுகிறதா? உங்கள் வீடும் வருமானமும் திடீரென்று அற்பமாகத் தெரிகிறதா? இந்தக் கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல முடியும், போதகர் சொல்ல முடியாது. பதில் தெரிந்த பிறகும் திரும்பத் திரும்ப அதையே போய்ப் பார்த்தால், பிரச்சினை படத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை அதிகம் யாரும் பேசுவதில்லை. "உலக சிநேகம் தேவனுக்கு விரோதமான பகை" என்ற யாக்கோபின் வசனத்தை நாம் வாலிபர் கூட்டத்தில் எடுத்துப் பேசுவோம். அதற்கு மேலே இருக்கும் வசனங்களைப் படித்துப் பாருங்கள். விசுவாசிகளுக்குள்ளே இருந்த சண்டைகளையும் பொறாமையையும் பற்றித்தான் அவர் பேசிக்கொண்டு வருகிறார். அதற்கும் முந்தின 2-ஆம் அதிகாரத்தில், பொன் மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடமும், கந்தை உடுத்தி வருகிற தரித்திரனுக்குக் காலடியில் இடமும் கொடுக்கிற சபையைக் கண்டிக்கிறார். உலகத்தால் கறைபடாதபடி தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லும் 1:27-இல், அதற்கு முன்பாகவே திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். நாம் பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டோம். பணக்காரர் வந்தால் எழுந்து நிற்கிற சபை, சினிமாவுக்கு எதிராக எவ்வளவு பேசினாலும் அது உலகத்துக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வாங்காத பொருளுக்கு வாங்கியதாக பில் வருகிறது, சரிபார்த்ததாக நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு காசுகூட நான் எடுப்பதில்லை. மேலதிகாரி சொல்வதைச் செய்கிறேன், அவ்வளவுதான். மறுத்தால் வேலை போகும், என் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. இது பாவமா?

பாவம்தான், சகோதரரே. பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பேன், எழுத்தில் சொல்லும்போது சுற்றி வளைத்தால் உங்களுக்கு உதவியாக இருக்காது. பணத்தை எடுக்கிறவருக்கு உங்கள் கையெழுத்து இல்லாமல் அதை எடுக்க முடியாது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் சொல்லும்போது, தராசைப் பிடித்தவன் லாபத்தில் பங்கு வாங்கினானா என்று கேட்கவில்லை.

"கையெழுத்து மட்டும்தானே" என்கிற உங்கள் வாதம் மிகப் பழையது. கி.பி. 250-ஐ ஒட்டி ரோமப் பேரரசன் டெசியுஸ், பேரரசில் இருக்கிறவர்கள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகளிடம் அதற்கு ஒரு சான்றுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆணை போட்டான். "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டேன்" என்ற வகையில் எழுதப்பட்ட அந்தச் சீட்டுகள் பாப்பிரஸ் தாள்களாக எகிப்தில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், சிலர் செத்தார்கள். பலர் பயந்துபோய்ப் பலியிட்டார்கள். இன்னும் சிலர் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பலியிடவில்லை, அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கை கறைபடவில்லை, விக்கிரகத்தின் பக்கமே போகவில்லை, ஒரு தாள்தானே என்பது அவர்கள் நியாயம். வட ஆப்பிரிக்காவில் இருந்த கார்த்தேஜ் சபையின் கண்காணி (பிஷப்) சிப்பிரியான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பலியிட்டவர்களையும் சீட்டு வாங்கினவர்களையும் சபை வேறுபடுத்தித்தான் பார்த்தது, சீட்டு வாங்கினவர்களை இளகிய மனதோடு சேர்த்தும் கொண்டது, ஆனால் அது பாவமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் வாங்கின தாள் அவர்கள் வாய்க்குப் பதிலாகப் பொய் பேசியது. உங்கள் கையெழுத்தும் அதையேதான் செய்கிறது.

இப்போது என்ன செய்வது? நாளைக்கே மேஜையைத் தட்டி எழுந்து வந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தானியேல் முதல் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். அவன் பாபிலோனின் பள்ளிக்கூடத்தை மறுக்கவில்லை, கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தான், பெல்தெஷாத்சார் என்று புதுப் பெயர் வைத்தபோதும் அவன் மறுத்ததாக வேதம் சொல்லவில்லை. ராஜாவின் போஜனம் என்று வந்தபோதுதான், தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று இருதயத்தில் தீர்மானம் பண்ணிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் நடந்துகொண்ட விதம்தான் உங்களுக்கு வேண்டியது. முதலில் பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான். அவனுக்கு மனம் இருந்தது, ஆனால் ராஜாவுக்குப் பயந்தான். தானியேல் அத்தோடு விடவில்லை, தங்களை விசாரிக்கிறவனிடம் போய், "பத்து நாள் சோதித்துப் பாரும்" என்று கேட்டான். மறுப்போடு சேர்த்து ஒரு மாற்று வழியையும் கையில் கொண்டு போனான், எதிராளியின் தலைக்கு ஆபத்து வராத மாதிரி.

நீங்களும் அப்படியே போகலாம். "பொருள் வந்து சேர்ந்ததற்கான ரசீதைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன், நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் உங்களுக்கும் சிக்கல்" என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்க முடிந்தால் கேளுங்கள். அதே நேரத்தில் வேறு வேலையும் தேட ஆரம்பியுங்கள், மனைவியிடம் முழு விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். இதுவரை போட்ட கையெழுத்துகளுக்குச் சட்டப்படி என்ன பொறுப்பு வரும் என்று ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள். வேலை போகவே போகாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. போகலாம். அப்படிப் போனால் உங்கள் சபை உங்களைத் தாங்க வேண்டும். ஒரு விசுவாசி நேர்மைக்காக வேலையை இழந்தால் அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்காத சபைக்கு, நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் பண்ண என்ன உரிமை இருக்கிறது?

கேள்வி: நான் ஓட்டுநர். என் முதலாளி வேறு மார்க்கத்தைச் சேர்ந்தவர், வயதானவர். அவருடைய வழிபாட்டு இடத்துக்கு அழைத்துப் போய், கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகவேண்டும். என் மனசாட்சி உறுத்துகிறது, அண்ணா.

உங்கள் கேள்வியை அப்படியே எலிசாவிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். சீரியாவின் படைத்தலைவன் நாகமான், குஷ்டம் நீங்கினபின், இனி கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்று சொல்லிவிட்டு, "என் ஆண்டவன் (அவனுடைய ராஜா) என் கையின்மேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக" என்கிறான் (2 இராஜாக்கள் 5). எலிசா அவனுக்குச் சட்டம் எதுவும் போடவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார்.

ஒரு வயதானவர் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வது வழிபாடு ஆகாது. நீங்களும் கும்பிட வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தினால் அது வேறு விஷயம், அப்போது தானியேல் மூன்றாம் அதிகாரத்தில் வணங்க மறுத்த மூன்று பேர் பக்கம் நில்லுங்கள். அதுவரைக்கும் அவர் கையை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், தம்பி.

கேள்வி: எனக்கு 19 வயது. காலையில் வேதம் வாசிக்கத்தான் போனை எடுக்கிறேன், ஆனால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வேறு எங்கேயோ இருக்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் மனசு நிற்பதில்லை. நான் பின்மாற்றத்தில் இருக்கிறேனா?

இதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதுகிறீர்கள் என்றால் பின்மாற்றம் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், தம்பி. பயப்பட வேண்டாம். ஆனால் அலட்சியமும் வேண்டாம்.

நடப்பது என்னவென்று பாருங்கள். கண் சரியாகத் திறப்பதற்கு முன்பே கை தலையணைக்குப் பக்கத்தில் போகிறது. திரை வெளிச்சத்தில் நேற்று ராத்திரி வந்த செய்திகள் வரிசையாக நிற்கின்றன. வேத ஆப் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, அதைத் தொடுவதற்குள் மேலே ஒரு சிவப்பு எண் தெரிகிறது, சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. அங்கேயே அன்றைய காலை முடிந்துவிட்டது. அந்த ஆப்களைச் செய்கிறவர்கள் உங்களை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் உங்கள் நேரத்தைத்தான் அவர்கள் விளம்பரக்காரர்களுக்கு விற்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒருவர் தினமும் காலையில் மன உறுதியை மட்டும் நம்பி அதை எதிர்த்து நின்றால் தோற்பார். ஆகவே சண்டையே வராதபடி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். எழுப்புவதற்குத் தனியாக ஒரு அலாரக் கடிகாரம் வாங்குங்கள். அச்சடித்த வேதாகமத்தைக் கையில் எடுங்கள், அதில் எந்த எண்ணும் சிவப்பாக வந்து நிற்காது. ஒரு சங்கீதத்தோடு ஆரம்பித்தால் போதும். "மாயையைப் பாராதபடி நீர் என் கண்களை விலக்கி, உமது வழிகளில் என்னை உயிர்ப்பியும்" என்று சங்கீதம் 119-இல் ஒரு ஜெபம் இருக்கிறது, அதையே வாய்விட்டுச் சொல்லுங்கள். என் கண்ணை என்னால் திருப்ப முடியவில்லை, நீரே திருப்பும் என்று கேட்கிற ஜெபம் அது. மனசு ஓடினால் திரும்பக் கொண்டுவந்து உட்கார வையுங்கள், எத்தனை தடவை ஓடினாலும் சரி.

ராத்திரியில் தனியாகப் பார்க்கக் கூடாததைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் (உங்கள் கடிதத்தின் கடைசி வரி அதைத்தான் சொல்கிறதோ என்று எனக்குத் தோன்றியது), அதை இன்னொருவரிடம் சொல்லாமல் வெளியே வருவது கஷ்டம். வயதில் மூத்த, வாயை அடக்கத் தெரிந்த ஒரு சகோதரரிடம் போய்ச் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். சொன்ன அன்றே பாதி பாரம் இறங்கிவிடும்.

அப்புறம் ஒரு விஷயம், இது உங்களுக்கு மட்டும் இல்லை. விசுவாசத்துக்காக வாதாடுகிறோம் என்று இணையத்தில் நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு சண்டை போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டை பண்ணுகிறவனாயிருக்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். இயேசுவின் பெயரைச் சொல்லி ஒருவரைக் கேவலமாகத் திட்டுகிறவர், அவர் பெயருக்காக எதையும் காப்பாற்றவில்லை.

கேள்வி: இரட்சிக்கப்பட்ட பிறகு பழைய நண்பர்களை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். அவர்கள் குடிப்பார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள். ஆனால் என் அப்பா இறந்தபோது முதலில் வந்து நின்றவர்கள் அவர்கள்தான்.

அப்படிப்பட்டவர்களை விட்டுவிடாதீர்கள். உலகத்தாரோடு கலக்கவே கூடாது என்று நினைத்த கொரிந்தியருக்குப் பவுல், அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே என்று பதில் எழுதினார். ஆண்டவரும் பிதாவிடம், இவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அல்ல, தீமையினின்று காக்கும்படியே வேண்டிக்கொண்டார் (யோவான் 17:15). ஆதிச் சபைக் காலத்தில் தியோக்னேத்து என்பவருக்கு, எழுதியவர் பெயர் தெரியாத ஒரு கடிதம் எழுதப்பட்டது. கிறிஸ்தவர்கள் ஊராலோ மொழியாலோ உடையாலோ மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்கள் இல்லை, எல்லாரையும்போலக் கல்யாணம் செய்து பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் வேண்டாத குழந்தைகளை வெளியே எறிவதில்லை என்று அது விவரிக்கிறது. அன்று எறிவது சாதாரணமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்துகொண்டு, அந்த விஷயத்தில் அசையாமல் நின்றார்கள்.

ஆனால் "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று எழுதியதும் அதே பவுல்தான். யார் யாரை இழுக்கிறார்கள் என்று நேர்மையாகப் பாருங்கள். நீங்கள் போன பிறகு அவர்கள் பேச்சு கொஞ்சம் மாறுகிறதா, இல்லை உங்கள் பேச்சு மாறுகிறதா? உங்கள் பேச்சுதான் மாறுகிறது என்றால், கொஞ்ச காலம் அந்த ராத்திரிக் கூட்டங்களைத் தவிர்த்துவிட்டுப் பகலில், ஒவ்வொருவராகப் பாருங்கள். குடிக்கச் சொன்னால் "எனக்கு வேண்டாம்டா" என்று சொன்னால் போதும், அங்கே பிரசங்கம் பண்ணாதீர்கள். அவர்கள் வீட்டில் ஒரு துக்கம் வரும்போது நீங்கள் முதலில் போய் நில்லுங்கள்.

கேள்வி: நான் விரும்புகிறவர் கிறிஸ்தவர் இல்லை. எனக்காக ஞானஸ்நானம் எடுக்கத் தயார் என்கிறார். நல்ல குணம், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. சபையில் என்னை ஏதோ குற்றவாளி மாதிரிப் பார்க்கிறார்கள்.

முதலில், உங்களை அப்படிப் பார்க்கிறவர்களுக்காக வருத்தப்படுகிறேன், சகோதரி. உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நீங்கள் எங்கே போவீர்கள்?

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில் அவர்கள் பதிலிலிருந்து வேறு இல்லை. "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்பது அவர் கெட்டவர் என்பதால் சொல்லப்பட்டது இல்லை. அவர் உங்களைவிட நல்ல குணமுள்ளவராகவே இருக்கலாம். உங்கள் வாழ்க்கையின் மையத்தில் இருக்கிற ஒருவரை அவருக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். காதலிக்கிற நாட்களில் இது பெரிதாகத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் மட்டும் கிளம்பும்போது தெரியும். காணிக்கை கொடுக்கும்போது, எதற்கு இவ்வளவு என்று அவர் நியாயமாகவே கேட்கும்போது தெரியும். குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது நீங்கள் முழங்காலில் நிற்பீர்கள், அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், இருவரும் தனித்தனியாகப் பயப்படுவீர்கள். அன்பு குறைந்ததனால் வருகிற தனிமை இல்லை அது, அதனால்தான் அதற்கு மருந்தும் சுலபத்தில் கிடைப்பதில்லை.

உங்களுக்காக எடுக்கிற ஞானஸ்நானம் உங்கள்மேல் எடுத்ததாக ஆகிவிடும். கல்யாணப் பேச்சையே சில காலம் எடுத்து வையுங்கள். உங்கள் சபை இல்லாத வேறு சபையில், உங்களுக்குத் தெரியாத ஒரு போதகரோடு அவர் சுவிசேஷங்களைப் படிக்கட்டும். ஒருவேளை இந்தக் கல்யாணம் நடக்காது என்று ஆனாலும் அவர் தொடர்ந்து போவாரா? அவர் வாயிலிருந்தே அந்தப் பதில் வரட்டும். போவார் என்றால் சந்தோஷமாகப் பேசலாம். போகமாட்டார் என்றால் உங்களுக்கு வலிக்கும், அதை நான் சிறியதாகச் சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஏற்கனவே அப்படிக் கல்யாணம் ஆனவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு வேறு வசனம் இருக்கிறது, 1 கொரிந்தியர் 7. சேர்ந்து வாழ அவருக்குச் சம்மதம் இருந்தால் விட்டுவிடாதீர்கள் என்கிறார் பவுல். உங்கள் வீட்டைத் தப்பான வீடு என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. "பைபிள் உண்மை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறான். கோபத்தில் அடித்துவிட்டேன். இப்போது ஆலயத்துக்கே வரமாட்டேன் என்கிறான்.

அம்மா, முதலில் அவனிடம் போய், அடித்தது தப்பு என்று சொல்லுங்கள். பதில் அதற்குப் பிறகுதான்.

பிள்ளைகள் கேட்பார்கள் என்று வேதமே எதிர்பார்க்கிறது. இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று யாத்திராகமம் 12-இல் இருக்கிறது, உபாகமம் 6-இலும் இருக்கிறது. கேட்கிற பிள்ளையை அதட்டச் சொல்லவில்லை. தோமாவை நினைத்துப் பாருங்கள். காயத்தில் விரலைப் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அவன் சொன்ன பிறகு எட்டு நாள் ஆயிற்று, அந்த எட்டாம் நாளில் தோமாவும் மற்றவர்களோடு வீட்டுக்குள்ளேதான் இருந்தான் (யோவான் 20:26). சந்தேகப்பட்டவனை அவர்கள் துரத்தவில்லை, அவனும் ஓடிப்போகவில்லை. ஆண்டவர் வந்தபோது அவன் அங்கே இருந்தான். உங்கள் வேலை உங்கள் மகனை அந்த வீட்டுக்குள் வைத்திருப்பது.

அவன் கேள்விக்குச் சேர்ந்து பதில் தேடுங்கள். லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்கும்போதே, கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுவதாகச் சொல்கிறார், அதை அவனுக்குக் காட்டுங்கள். 1947-இல் சவக்கடல் ஓரக் குகைகளில் முதல் சுருள்கள் கிடைத்தன. அவற்றில் இருந்த ஏசாயா சுருள், அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. ஒப்பிட்டுப் பார்த்தபோது எழுத்துக்கூட்டலிலும் சொற்களிலும் சிறு வித்தியாசங்கள் இருந்தன, ஆனால் அதே ஏசாயாதான். இது, எழுதப்பட்டது கவனமாகக் கைமாறி வந்திருக்கிறது என்று காட்டுமே தவிர, எழுதப்பட்டது சத்தியம் என்று அதனால் மட்டும் நிரூபணம் ஆகிவிடாது. அந்த வித்தியாசத்தையும் அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். 16 வயதில் பிள்ளைகள் பெரியவர்களின் சமாளிப்பை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அம்மா, "ஆனால் எனக்கு ஆண்டவர் இதைச் செய்தார்" என்று சொல்லும்போது அவன் கேட்பான்.

கேள்வி: ஏமாற்றுகிறவர்கள் நன்றாக இருக்கிறார்கள். நேர்மையாக இருந்து நான் என்ன கண்டேன்?

சங்கீதம் எழுதின ஆசாப்பும் இதையேதான் கேட்டான், "நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி" என்று. சங்கீதம் 73-ஐ முழுதும் படியுங்கள், இன்றைக்கே, சத்தமாக. பாதியில் நிறுத்தாதீர்கள், 17-ஆம் வசனத்தில்தான் திருப்பம் வருகிறது.

கேள்வி: ஐயா, நான் ஒரு காலத்தில் வாலிபர் கூட்டத்தை நடத்தினவன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போய்விட்டது. ஜெபம் போனது, சபை போனது, பிறகு செய்யக் கூடாததையெல்லாம் செய்துவிட்டேன். வருடக்கணக்கில் ஆகிவிட்டது. திரும்பி வர ஆசை, ஆனால் எந்த முகத்தோடு வருவது?

மேலே சொன்ன அந்தச் சீட்டு விஷயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. துன்புறுத்தல் ஓய்ந்த பிறகு, விழுந்துபோனவர்கள் சபை வாசலில் வந்து நின்றார்கள். ரோமாபுரியில் நோவாசியான் என்கிற மூப்பர், இவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்று, தனியாகப் பிரிந்தே போனார். மறுபக்கத்தில் சிலர், ஒன்றும் நடக்காததுபோல உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 251-இல் கார்த்தேஜில் கூடின கண்காணிகள் இரண்டையும் ஏற்கவில்லை. மனந்திரும்பட்டும், அதற்குக் காலம் எடுக்கட்டும், ஆனால் கதவு திறந்திருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். நோவாசியான் பக்கம் சபை போயிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இன்று நிற்க இடம் இருந்திருக்காது.

பேதுருவிடம் ஆண்டவர் பேசியதைப் பாருங்கள். அவன் மறுதலிப்பதற்கு முன்பே, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்; நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்றார் (லூக்கா 22:32). குணப்பட்டால் என்று சொல்லவில்லை, குணப்பட்டபின்பு என்றார். அவன் விழப்போவது அவருக்குத் தெரியும், எழும்பின பிறகு செய்ய வேண்டிய வேலையையும் முன்னமே கொடுத்துவிட்டார். எந்த முகத்தோடு வருவது என்று கேட்கிறீர்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவருக்கு முன்னால் கடற்கரையில் நின்றபோது பேதுருவுக்கு என்ன முகம் இருந்தது? அங்கே அவனிடம் கேட்கப்பட்டது "என்னை நேசிக்கிறாயா" என்பது மட்டும்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போங்கள். பழைய சபைக்குப் போகக் கூச்சமாக இருந்தால் வேறு சபைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், அடுத்தடுத்த வாரமும் போங்கள். அந்த வாரத்திலேயே ஒரு மூப்பரையோ போதகரையோ தனியாகப் பார்த்து உங்கள் கதையை முழுதாகச் சொல்லிவிடுங்கள். யாருக்காவது அநியாயம் செய்திருந்தால், பணம் தர வேண்டியிருந்தால், அதைச் சரிசெய்கிற வேலையையும் கூடவே ஆரம்பியுங்கள். உடனே மேடையில் நிறுத்தி சாட்சி சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதற்கு இப்போது அவசரம் இல்லை. கொஞ்ச காலம் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் கொடுத்திருந்த முகவரிக்குத் தனியாகவும் எழுதுகிறேன்.